இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு

பொங்கல் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, திருவொற்றியூரில் அலெக்ஸாண்டர் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரர் அலெக்ஸாண்டர், அவருடைய மகள் ஜூடி, மருமகள் ஆன்சி, ஆன்சியின் ஆறு வயது மகள் ஜெஸ்லின், ஜூடியைப் பெண்ணெடுக்கும் வீட்டிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் யேசுதாஸ், தாயார் டோரதி. அலெக்ஸாண்டரின் மகன் வில்சன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஷிப்டில் இருந்தான். எதிர்வீட்டு முத்தம்மா பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தாள். வேறு யாரும் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லாம் பிற்பாடு தெருவில் கூடியவர்கள்.

அலெக்ஸாண்டர் முப்பத்தாறு ஆண்டுகள் துறைமுகத்து இழுவைப் படகில் இருந்தவர். கடைசிப் பதினான்கு ஆண்டுகள் அவர்தான் செராங்; படகும் படகிலிருந்த ஆட்களும் அவர் சொல்படி நடந்தார்கள். ஓய்வுபெற்று எட்டு வருஷமாகியும் தெருவில் அவருக்குப் பெயர் செராங்குதான். வெள்ளைச் சட்டையின் கையை மடிக்காமல் மணிக்கட்டில் பொத்தான் போட்டுத்தான் கோயிலுக்குப் போவார். எந்த வாசலிலும் ஒரு காரியத்துக்கென்று நின்றதில்லை என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு.

அன்று காலைத் திருப்பலியில் ஜூடிக்கு இரண்டாம் ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் பெற்றோர் பெயரோடு பீடத்திலிருந்து வாசிக்கப்படும். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று கடைசியில் ஒரு வரி வரும். எத்தனையோ கல்யாணங்களுக்கு அந்த வரியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தவருக்கு, சொந்த மகள் பெயருக்குப் பின்னால் அது வந்தபோது முதுகு நனைந்தது. பின்பெஞ்சில் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். இன்னும் ஒரு ஓலை. இன்னும் ஏழு நாள்.

தடை ஏதும் இல்லை. ஆனால் மறைத்தது ஒன்று இருந்தது.

ஜெஸ்லினுக்கு ரத்தத்தில் புற்றுநோய். ஐந்து மாதமாக நகருக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது. ஜூடிக்குக் கல்யாணப் பேச்சு கூடிவந்ததும் அதே சமயம்தான். ரத்தத்தில் நோய் உள்ள குடும்பம் என்று பேர் கிளம்பினால் மகள் வீட்டோடு நின்றுவிடுவாள் என்று அலெக்ஸாண்டர் முடிவுகட்டினார். மூன்றாம் ஓலை முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார். குழந்தைக்கு முடி கொட்டியபோது வேளாங்கண்ணிக்கு நேர்ந்து மொட்டை போட்டதாகச் சொன்னார். மூக்கிலும் வாயிலும் முகக்கவசம் எதற்கு என்றால் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போவது எதற்கு என்றால் மஞ்சள் காமாலை என்றார். மூன்று பொய்யும் ஒன்றோடொன்று முட்டாமல் நின்றன. கப்பலுக்குக் கயிறு கட்டுவதுபோல யோசித்துக் கட்டியிருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர்களைத் தேடிவந்து பேசியவள் எழில்மொழி. வியாசர்பாடிக்காரி. இப்படிப்பட்ட குழந்தைகளின் குடும்பங்களுக்கு உதவுகிற கைத்தாங்கல் அறக்கட்டளையில் வேலை. அவளுடைய மகன் சித்தார்த் அதே வார்டில் ஒன்றரை வருஷம் கிடந்து எழுந்தவன். இப்போது எட்டாவது படிக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் அறக்கட்டளைக்கு ஒரு வீடு இருந்தது. வைத்தியம் முடியும்வரை அதில் ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம், சமைத்துச் சாப்பிடலாம் என்றாள்.

"நாங்க சொந்தமா வூடு கட்டி வாழற குடும்பம்மா. சத்திரத்துல போய்ப் படுக்க மாட்டோம்" என்றார் அலெக்ஸாண்டர்.

"சரிங்கய்யா. வேன் இருக்கு. கூப்ட்டா வூட்டாண்டயே வரும்."

வேனை அவர் பார்த்திருந்தார். இரண்டு பக்கமும் நீல எழுத்தில், புற்றுநோய்க் குழந்தைகளுக்காக என்று முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. "அது எங்க தெருவுக்குள்ள வரக் கூடாது."

"வேன்ல இன்னா எழுதிகீதுன்னு கொழந்தைக்குத் தெரியாது அய்யா. காய்ச்சலுக்கும் தெரியாது" என்றாள் எழில்மொழி. பிறகு ஒரு பையை ஆன்சியின் கையில் வைத்தாள். அதில் ஒரு தெர்மாமீட்டர், முகக்கவசங்கள், கயிறு கோத்த ஒரு சிவப்பு அட்டை. அட்டையில் தமிழில் நாலே வரி. காய்ச்சல் நூறு புள்ளி நான்கைத் தொட்டால் ஒரு மணி நேரத்துக்குள் வாருங்கள். வீட்டில் காய்ச்சல் மாத்திரை கொடுக்காதீர்கள். காய்ச்சாத நீர், மோர், பச்சை இலை, நாட்டு மருந்து எதுவும் வேண்டாம். அவசரப் பிரிவில் இந்த அட்டையைக் காட்டுங்கள், வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கீழே எழில்மொழியின் போன் எண்.

ஆன்சி அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். சம்பந்தி வீட்டார் வருகிற அன்று காலை ஒன்பது மணிக்கு அலெக்ஸாண்டர் அட்டையையும் பையையும் எடுத்துக் கூடத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பதினொன்றரைக்கு அந்தப் பீரோவில் சாய்ந்த நாற்காலியில்தான் டோரதி உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்திருந்தது. யேசுதாஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அவர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பார்.

"எங்க பெரியண்ணன் பேரு மூணாவதா வந்துகீது சம்பந்தி. மனுஷன் பந்தில உக்கார மாட்டாரு" என்றார்.

"அவரு எந்தப் பந்தில எழுந்தாரு, இதுல உக்காராம போறதுக்கு?" என்றாள் டோரதி. ஜூடி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டோரதி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "அது சரி, கொழந்த எங்க? வர்ற போதெல்லாம் கண்ணுலயே காட்ட மாட்றீங்களே?"

"காமாலை சம்பந்தியம்மா. தூங்குது."

"காமாலைன்னா கண்ணு மஞ்சப் பூத்திருக்குமே?" என்றார் யேசுதாஸ், பத்திரிகையிலிருந்து தலையெடுக்காமல். "போன வாட்டி ஜன்னலாண்ட பாத்தேன். வெள்ள வெளேர்னுல்ல இருந்துச்சு."

அலெக்ஸாண்டர் பதில் தேடும்போது உள்ளறைத் திரை அசைந்தது. ஆன்சியின் விரல்கள் மட்டும் தெரிந்தன. "மாமா, ஒரு நிமிஷம்."

சமையலறை ஓரத்தில் அவள் குரல் எழும்பாமல் பேசினாள். "ஒடம்பு கொதிக்குது மாமா. கைய வெச்சா சுடுது. தெர்மாமீட்டர் எங்க?"

"பீரோல."

"அட்டையுமா?"

அவர் தலையசைத்தார். அந்த வீட்டுக்கு ஒரே வாசல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதென்றால் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பீரோவைத் திறப்பதென்றால் டோரதியை எழுப்பித்தான் திறக்க வேண்டும்.

"அரை மணியில சாப்பாடு போட்டு அனுப்பிடறேன். அதுவரைக்கும் ஈரத்துணி போடு."

"ஒரு மணி நேரந்தான் மாமா குடுத்துக்கீறாங்க."

"தெரியும்."

"ஒங்களுக்குத் தெரிஞ்சா போதுமா? காய்ச்சலுக்குத் தெரிய வேணாமா?"

அவள் எழில்மொழியின் பேச்சைப் பேசுகிறாள் என்று அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததில் ஒரு நிமிஷம் பயம் மறந்தது. கூடத்துக்குத் திரும்பினார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது.

அவருக்குப் பயம் புதிதல்ல. கப்பலை இழுக்கும்போது கயிறு அளவுக்கு மேல் இறுகினால் அறுவதற்கு முன் ஒரு சத்தம் போடும். தொலைவில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல. அந்தச் சத்தம் கேட்டதும் கயிற்றைத் தளர்த்த வேண்டும், ஆட்கள் தரையோடு படுக்க வேண்டும். ஒரு தரம் தளர்த்தாமல் பார்க்கலாம் என்று பார்த்த வேறொரு செராங்கின் படகில் கயிறு அறுந்து வீசி, ஒருவனுடைய காலைத் தொடையோடு கொண்டுபோனதை அவர் பக்கத்துப் படகிலிருந்து பார்த்தவர்.

இப்போது அவருக்குள் இறுகிக்கொண்டிருந்த கயிறு வேறு. அதைப் பற்றி ஆன்சிக்கும் தெரியாது.

முந்தின வெள்ளிக்கிழமை காலை எதிர்வீட்டு முத்தம்மா ஒரு பித்தளை டம்ளரோடு வாசலில் வந்து நின்றாள். முத்தம்மா தன் வீட்டு வாசலில் அடுப்பு வைத்து ஆப்பம் சுட்டு விற்பவள். தெருவில் யாருக்குக் கால் சுளுக்கினாலும் எண்ணெய்க் கிண்ணத்தோடு போய் நிற்பவள். விம்கோ நகரில் ரயில் பாதை ஓரம் போய்க் கீழாநெல்லி பறித்து, வேரோடு அரைத்து, மோரில் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"காமாலைக்கு இத்த வுட்டா வேற மருந்து கெடையாது நைனா. மூணு நாளு, வெறும் வயித்துல. எம் மருமவன் பீம்ராவுக்கு இங்கிலீசு வைத்தியம் கையவிரிச்சப்போ இதாங் காப்பாத்துச்சு."

ஆன்சி குளியலறையில் இருந்தாள். அலெக்ஸாண்டர் டம்ளரை வாங்கிக்கொண்டார். உள்ளே கொண்டுபோய்க் கொட்டிவிடுவதுதான் எண்ணம்.

"எதிர்லயே குடிக்க வெச்சிரு. நா பாத்துட்டுப் போறேன். புள்ளைங்க ஏமாத்திப்பூடும்" என்றாள் முத்தம்மா.

ஜெஸ்லின் ஜன்னலோரம் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காமாலை உள்ள குழந்தைக்குக் கீழாநெல்லி வேண்டாம் என்று சொல்ல அந்தத் தெருவில் காரணமே கிடையாது. இலைதானே, என்ன செய்துவிடும் என்று நினைத்தார். டம்ளரை அவரே பேத்தியின் வாயில் வைத்தார். "கசக்குது தாத்தா" என்றாள் குழந்தை. இரண்டு வாய் குடித்தாள். மறுநாள் சனிக்கிழமையும் முத்தம்மா வந்தாள்; ஆன்சி கடைக்குப் போயிருந்தாள்; இன்னொரு வாய். ஆக மூன்று. ஆன்சியிடம் சொல்லாதே என்று அவர் ஜெஸ்லினிடம் சொல்லவில்லை. குழந்தையே சொல்லவில்லை. தாத்தா கொடுத்தது மருந்தாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அட்டையின் மூன்றாவது வரி அவருக்குப் பீரோக் கதவைத் தாண்டித் தெரிந்தது.

"சம்பந்தி, ஒங்களத்தான். திருவொற்றியூர்க்கு 'ற்' போட்டுக்கீறாங்களா பாருங்க" என்றார் யேசுதாஸ்.

அலெக்ஸாண்டர் குனிந்து பார்த்தார். எழுத்துகள் நிற்கவில்லை. பதினொன்று ஐம்பது.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. உள்ளறையில் இரும்புக் கட்டிலின் தலைப்பக்கம் சுவரில் தட்டியது. டக் டக் டக் என்று விடாமல், சீராக. காய்ச்சல் நடுக்கத்தில் குழந்தையின் உடம்பு தூக்கிப் போடுகிறது என்று அவருக்குப் புரிந்தது. ஜூடியின் முகம் வெளுத்தது.

"இன்னா சத்தம் அது?" என்றாள் டோரதி.

"பின்னால மோட்டார் ஓடுது" என்றார் அலெக்ஸாண்டர்.

அது நாலாவது பொய். சொன்ன மறுநொடி, இதற்கு மேல் கட்டத் தம்மிடம் கயிறு இல்லை என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.  கட்டில் தட்டியது. ஜூடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாடி" என்றாள். மறுபடி, "டாடி."

வாசலில் நிழல் விழுந்தது. முத்தம்மா, கையில் டம்ளரோடு. புதுச் சேலை கட்டியிருந்தாள். விருந்தாளிகள் இருப்பது தெரிந்து.

"காலைல நீங்க கோயிலுக்குப் பூட்டீங்க, அதான் இப்போ. மூணாவது நாளு நைனா, வுடக் கூடாது. எங்க கண்ணு?" என்று செருப்பைக் கழற்றினாள். டோரதியைப் பார்த்துச் சிரித்தாள். "வெள்ளிக்கெழமலேர்ந்து குடுத்துகினு கீறோம். செராங்கு கையாலயே குடிச்சுச்சு."

திரைக்குப் பின்னால் ஆன்சி அசையாமல் நின்றது தெரிந்தது.

அலெக்ஸாண்டர் எழுந்தார். எழுந்த வேகத்தில் பத்திரிகை தரையில் விழுந்தது. முத்தம்மாவின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி வாசலில் கவிழ்த்தார். பச்சைத் தண்ணீர் படியில் வழிந்தது.

"அய்ய, இன்னா நைனா! காமாலைன்னு நீதானே சொன்ன!"

"காமாலை இல்ல." அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. "ரத்தத்துல கேன்சர். அஞ்சு மாசமா வைத்தியம் ஓடுது. நான்தான் எல்லார்கிட்டயும் மறைச்சேன். சம்பந்தியம்மா, எழுந்திருங்க. அந்தப் பீரோவத் தொறக்கணும்."

டோரதி எழுந்து சுவரோடு ஒதுங்கினாள். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். ஜூடி அவர் கையிலிருந்து வாங்கித் திறந்தாள். தெர்மாமீட்டர் உள்ளே போய்த் திரும்பியபோது அதில் நூற்று மூன்று இருந்தது.

"உள்ள அந்தக் கொழந்தைய அப்படிப் போட்டுட்டா இங்க பத்திரிகை பேசிகினு இருந்தீங்க?" என்றாள் டோரதி. கத்தவில்லை.  

அட்டையைப் பார்த்து எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"சொல்லுங்கய்யா" என்றாள் எழில்மொழி.

"நூத்தி மூணு. நடுங்குது. பதினொன்னு நாப்பதுக்கு ஆரம்பிச்சுது." பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக உதவி கேட்கும் சொல்லை அவர் வாய் சொன்னது. "வேன் அனுப்ப முடியுமாம்மா?"

ஏன் இவ்வளவு நேரம் என்று அவள் கேட்கவில்லை. "இப்ப மணி பன்னண்டு அஞ்சு. டிரைவர் ஷாரிக் எண்ணூர்ல ஒரு கொழந்தைய எறக்கிட்டு உங்க பக்கமாதான் வந்துகினு கீறாரு. பத்து நிமிஷம். மாத்திரை ஒண்ணுங் குடுக்காதீங்க. வாசலுக்குத் தூக்கியாந்து ரெடியா நில்லுங்க."

ஆன்சி குழந்தையைப் போர்வையோடு தூக்கிவந்தாள். கூடத்தைத் தாண்டும்போது யேசுதாஸ் முடியில்லாத அந்தச் சின்னத் தலையைப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். முத்தம்மா வாசலில் ஒரு பக்கமாக, வெறும் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீல எழுத்து வேன் தெருமுனையில் திரும்பியபோது இரண்டு பக்க வீடுகளிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். எல்லாரும் படித்தார்கள். அலெக்ஸாண்டர் யார் முகத்தையும் பார்க்காமல் முன்சீட்டில் ஏறினார்.

நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வால் தெரியாமல் நின்றன. ஷாரிக் ஹாரனை அழுத்திப் பிடித்தான். இருபத்தைந்து வயதிருக்கும்; பயத்தைக் காட்டாமல் இருக்கப் பேசிக்கொண்டே ஓட்டுகிறவன்.

"பெரியவரே, சும்மா குந்திகினு இருந்தா வேலைக்காவாது. அந்த அட்டைய எட்த்து வெளில நீட்டுங்க. டிரைவருங்களுக்குத் தெரியும் அது. போன மாசம் ஒருத்தன் வண்டிய நடைபாதை மேலயே ஏத்திட்டான், நமக்கு வழி வுட."

அலெக்ஸாண்டர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். மணிக்கட்டுப் பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டைக் கை; அதில் சிவப்பு அட்டை. பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று உயர்த்திப் பிடித்தார். ஒரு லாரி முனகிக்கொண்டு ஓரம் போயிற்று. அடுத்தது போகவில்லை. ஷாரிக் இறங்கி ஓடி அதன் கதவைத் தட்டிவிட்டு வந்தான். பின்சீட்டில் குழந்தையின் நடுக்கம் நின்றிருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். குழந்தையின் கண் பாதி திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை.

"ஜெஸ்ஸி, ஜெஸ்ஸிம்மா, அம்மாவப் பாரு" என்று ஆன்சி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எழில்மொழி மறுபடி போனில் வந்தாள். ஷாரிக் ஸ்பீக்கரில் போட்டான். "டாக்டர்கிட்ட சொல்லிட்டேன், ரெடியா கீறாங்க. ஆன்சி, ரெண்டு மூணு நாளுல பச்சையா ஏதாச்சும் குடுத்தியா? மோரு, பழம், நாட்டு மருந்து?"

ஆன்சி போனைப் பார்க்கவில்லை. முன்சீட்டில் இருந்த தலையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். முத்தம்மா வாசலில் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். ஆனால் அது தன் வாயால் வரக் கூடாது என்பதுபோல உதட்டை மூடிக்கொண்டிருந்தாள்.

 முத்தம்மா கொடுத்தாள் என்று அலெக்ஸாண்டர் சொன்னால் போதும். அதுவும் முழுப் பொய்யில்லை. அந்தச் சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது.

"நான் குடுத்தேன்" என்றார் அலெக்ஸாண்டர். "கீழாநெல்லி. பச்சையா அரைச்சு மோர்ல கரைச்சது. வெள்ளிக்கெழமையும் சனிக்கெழமையும்."

"எவ்ளோ?"

"மூணு வாய்."

"தண்ணி காய்ச்சுனதா?"

"தெரியாது."

"சரிங்கய்யா. சொன்னது நல்லது. டாக்டருக்கு இது வேணும்" என்றாள் எழில்மொழி. போன் நின்றது. ஆன்சி குழந்தையைப் போர்வையோடு தன் பக்கம் இன்னும் இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் மாமனாரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவசரப் பிரிவு வாசலில் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். அட்டையைப் பார்த்ததும் காவலாளி கயிற்றை அவிழ்த்தார். வைத்தியத்துக்கென்று ஏற்கெனவே நெஞ்சில் வைத்திருந்த குழாயில் மருந்து ஏறியபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. ஒரு மணி பதினெட்டு நிமிஷம். அந்தப் பதினெட்டு நிமிஷம் யாருடையது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

ரத்த அழுத்தம் இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். தாய்க்கு மட்டும்தான் உள்ளே இடம். எழில்மொழி வந்து அலெக்ஸாண்டரைக் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கு நடந்தாள். அறக்கட்டளை வீட்டின் முதல் மாடியில் ஓர் அறை. இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, கைகழுவ ஒரு தொட்டி. அடுத்த அறையில் யாரோ ஒரு தகப்பன் குழந்தைக்கு இட்லி பிட்டுக்கொண்டிருந்தான்.

"உங்களுக்குன்னு எடுத்து வெச்சது இல்ல அய்யா. காலியா இருந்துச்சு" என்று சாவியைக் கொடுத்தாள். அவர் கௌரவம் பார்த்து மறுத்துவிடக் கூடாதே என்று அப்படிச் சொன்னாள். அவருக்கு அது புரிந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"உங்க பையனுக்கும் இப்படி வந்துச்சாம்மா?"

"நாலு தடவ. நாலாவது தடவ, கடைசி நேரம்னு, ஒங்க பாதிரியார் மாதிரி எங்க புத்த பிக்குவக் கூப்ட்டுட்டோம்." அவள் சிரிக்கவில்லை. "பயந்துகினே இருங்க அய்யா. பரவால்ல. ஆனா அதையும் மறைக்காதீங்க."

வில்சன் ஷிப்ட் முடிந்து ஓடிவந்தான். ஒன்பது நாள் அவர்கள் அந்த அறையில் இருந்தார்கள்.  மூன்றாம் நாள் ரத்தச் சோதனையில் ஒரு கிருமி இருந்தது. குடலிலிருந்து வந்திருக்கலாம், நெஞ்சுக் குழாயிலிருந்து வந்திருக்கலாம், பச்சை இலையிலிருந்தும் வந்திருக்கலாம், இதுதான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஏழாம் நாள் ஜெஸ்லின் கண்ணாடிக்கு அப்பால் நின்ற தாத்தாவைப் பார்த்து, தன் பொம்மை எங்கே என்று கையால் கேட்டாள். இன்னும் ஒன்றரை வருஷம் வைத்தியம் இருக்கிறது. அடுத்த காய்ச்சல் எந்த நாளும் வரலாம். அட்டை இப்போது கூடத்தில், வாசலுக்கு நேரே, வருகிறவர் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டியிருக்கிறது.

மூன்றாம் ஓலை அடுத்த ஞாயிறு வாசிக்கப்படவில்லை. தள்ளிவைக்கும்படி யேசுதாஸ் பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டார். நோய்க்காக இல்லை, பொய்க்காக என்று அவர் அலெக்ஸாண்டரின் முகத்துக்கு நேரே சொன்னார்; அலெக்ஸாண்டர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். "தள்ளட்டும் டாடி" என்றாள் ஜூடி. அவளும் மாப்பிள்ளை நிதிஷும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டோரதி இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டுப் போனாள்.

ஆனால் தெருப்பேச்சு வேறு வீட்டைப் பிடித்தது. முத்தம்மாவின் அடுப்பில் ஆப்பம் விற்பது பாதியாகக் குறைந்தது. பிள்ளைகளுக்கு அவளிடம் வாங்கக் கூடாது என்று தாய்மார்கள் சொன்னார்கள். அவள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து, ஆறிப்போன ஆப்பத்தைத் தட்டில் அடுக்கி மூடிவைத்தாள். வீடு திரும்பிய மறுநாள் காலை அலெக்ஸாண்டர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து போய், நாலு பேர் பார்க்க, அவள் வாசலில் நின்றார். ஆறு ஆப்பம் கேட்டார். பிறகு தெருவில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். கேட்டவர்கள் கேட்டார்கள். கேட்காதவர்களுக்காக அதையே இங்கேயும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முத்தம்மா கொடுத்த பச்சிலையால் செராங் வீட்டுப் பேத்தி சாகக் கிடந்தாள் என்று திருவொற்றியூரில் இன்றும் சொல்கிறார்கள். முத்தம்மா அந்தக் குழந்தைக்குத் தன் கையால் எதுவும் கொடுக்கவில்லை. காமாலை என்று அவளிடம் சொன்னவர் அலெக்ஸாண்டர். டம்ளரைக் குழந்தையின் வாயில் வைத்தவரும் அலெக்ஸாண்டர்.